கூட்டு டிஜிட்டல் பயணக் கட்டணம்: குறைந்த வருமானப் பயணிகளுக்காக நிதி திரட்டுவது எப்படி?

பேருந்துக்கும் ரயிலுக்கும் அதிகக் கட்டணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கையில் பணம் குறைவாக இருப்பவர்கள்தான். மாதப் பாஸ் மலிவு. ஆனால் அதை வாங்க மாதத் தொடக்கத்திலேயே மொத்தத் தொகையும் கையில் இருக்க வேண்டும். இல்லாதவர் தினமும் தனித்தனி டிக்கெட் எடுக்கிறார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பாஸ்காரரைவிடக் கூடுதலாகவே செலவழித்திருப்பார். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே இரண்டு நிறுவனங்களின் வண்டிகள் என்றால் இன்னும் மோசம். ஒன்றில் எடுத்த டிக்கெட் மற்றதில் செல்லாது, மாறி ஏறும்போதெல்லாம் புதுக் கட்டணம்.

பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே கார்டு, ஒரே கணக்கு, ஒரே சலுகை விதி என்று வைத்துக்கொண்டால் இது தீரும். தொழில்நுட்பம் ஒன்றும் புதிதல்ல. ஹாங்காங்கில் ஆக்டோபஸ் கார்டு 1997இல் வந்துவிட்டது, லண்டனின் ஆய்ஸ்டர் 2003இல். இடிக்கிற இடம் பணம். கார்டு தட்டும் கருவி வாங்க ஒருமுறை நிதி எப்படியாவது கிடைத்துவிடும். அதற்குத் திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். வருடா வருடம் வரும் மூன்று செலவுகளுக்குத்தான் கையெழுத்துப் போட ஆள் இருக்காது: சலுகையால் குறையும் வருவாய், பயணிகளைப் பதிவு செய்யும் ஆட்கள், ரொக்கமாகவே கட்டுபவர்களுக்கான ஏற்பாடு. திட்டம் ஏழைப் பயணிக்குப் போய்ச் சேருமா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. அதனால் கீழே உள்ள படிகளிலும் இவற்றுக்குத்தான் அதிக இடம்.

தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி

கட்டணம் வசூலிக்கத்தான் வேண்டுமா? சிறிய நிறுவனங்களில் கட்டண வருவாய் மொத்தச் செலவில் சிறு பங்காகவே இருக்கும். பெட்டியில் விழும் பணத்தை எண்ணுவது, கருவிகளைப் பராமரிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் போக மிஞ்சுவது மிகக் கொஞ்சம் என்றால், கட்டணத்தையே எடுத்துவிடுவது மலிவாக முடியலாம். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி 2020இல் அப்படித்தான் பேருந்துக் கட்டணத்தை நீக்கியது. ஆனால் கட்டணம் பெரிய வருவாயாக இருக்கும் நகரத்தில் அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது என்ற கேள்வி உடனே வரும். கணக்குப் போட்டுப் பார்த்து, வசூல் தேவை என்று தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 1: யார் பயணிக்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள்

நிதி தருபவர் முதலில் கேட்பது இதைத்தான். ரொக்கமாகக் கட்டுபவர்கள் எந்தெந்த வழித்தடத்தில் அதிகம், எந்த நிறுத்தத்தில் ஒரு நிறுவனத்தின் வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள், வங்கிக் கணக்கும் டேட்டா உள்ள போனும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதற்கெல்லாம் விடை வேண்டும். டிப்போவில் இருக்கும் வசூல் விவரமே பாதிப் பதிலைத் தந்துவிடும். மீதிக்கு வண்டியிலேயே ஆய்வு நடத்துங்கள். இணையக் கணக்கெடுப்பை மட்டும் நம்பாதீர்கள்; நீங்கள் தேடும் ஆட்கள் அதில் வரவே மாட்டார்கள்.

வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் சொற்பம்தானே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அமெரிக்காவின் வைப்புக் காப்பீட்டுக் கழகம் 2023இல் எடுத்த கணக்கெடுப்பில் 4.2 சதவீதக் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கே இல்லை. இது நாட்டின் சராசரி. வருமானம் குறையக் குறைய விகிதம் பல மடங்கு ஏறும், பேருந்தை நம்பியிருப்பவர்களோ அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

படி 2: கூட்டாளிகள், ஒப்பந்தம், பங்கீடு

கூட்டு முறை என்றால் யார் யார்? அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் 2009இல் வந்த ஓர்கா கார்டில் பேருந்து, ரயில், படகு என ஏழு நிறுவனங்கள் சேர்ந்தன. போர்ட்லாந்தின் ஹாப் கார்டு 2017இல் மூன்று நிறுவனங்களோடு தொடங்கியது. ஒஹாயோவில் சிறு நிறுவனங்கள் பல சேர்ந்து நியோரைடு என்ற கூட்டமைப்பின் வழியாக ஒரே மொபைல் டிக்கெட் சேவையை வாங்கிப் பகிர்ந்துகொள்கின்றன; தனித்தனியாகப் போயிருந்தால் பல சிறு ஊர்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகியிருக்காது. கலிபோர்னியா வேறு வழியில் போனது. கருவிகளுக்கும் பரிவர்த்தனைச் சேவைக்கும் மாநில அரசே பொது விலை ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறது. எந்த ஊர் நிறுவனமும் தனி டெண்டர் விடாமல் அதைப் பயன்படுத்தி வாங்கிக்கொள்ளலாம். சிறிய நிறுவனங்களுக்கு டெண்டர் விடுவதே பெரிய செலவு என்பதால் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து, கூட்டணிகள் உடைகிற இடம்: வருவாய்ப் பங்கீடு. ஓர் உதாரணம். பேருந்துக் கட்டணம் 20, ரயில் கட்டணம் 30 என்று வைத்துக்கொள்வோம். முன்பு மாறிப் பயணித்தவர் 50 கொடுத்தார். கூட்டு முறையில் பெரிய கட்டணம் மட்டும், அதாவது 30 கொடுத்தால் போதும் என்று முடிவாகிறது. குறைந்த வருமானக்காரருக்கு அதில் பாதி, 15. இந்தப் 15ஐ பழைய கட்டண விகிதத்தில் பிரித்தால் பேருந்துக்கு 6, ரயிலுக்கு 9. பேருந்து நிறுவனத்தின் நிதி அதிகாரி 20 வந்த இடத்தில் 6 வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிடுவார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே குறையும் தொகையை எந்தப் பொது நிதி ஈடுகட்டும், எத்தனை சதவீதம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கப்படும் என்பதைக் கருவிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று விட்ட பங்கீடு பிறகு பேசப்படுவதே இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரு தலைமை நிறுவனத்தைக் குறிப்பிடுங்கள். நிதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதும், பயணிகள் போட்டு வைத்த பணத்தைத் தனிக் கணக்கில் காப்பதும் அதன் வேலை. பயணிகளின் இருப்புத் தொகை நிறுவனத்தின் வருமானம் அல்ல, பயணம் முடியும் வரை அது கடன் என்பதையும் எழுதி வையுங்கள்.

படி 3: முறையை வடிவமைத்தல்

இரண்டு வகை உண்டு. பழைய வகையில் பணமும் பாஸும் கார்டுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். புதிய வகையில் கார்டு வெறும் அடையாளம். இருப்பும் சலுகையும் பின்னணியில் உள்ள கணக்கில் இருக்கும். குறைந்த வருமானப் பயணிக்கு இரண்டாவதுதான் நல்லது. கார்டு தொலைந்தால் இருப்பு தொலையாது. சலுகை உறுதியானதும் அலுவலகத்திலிருந்தே கணக்கில் சேர்த்துவிடலாம், அவர் கார்டை எடுத்துக்கொண்டு இன்னொரு கவுன்டருக்கு அலைய வேண்டாம்.

வங்கிக் கார்டையே நேரடியாகத் தட்டும் வசதி லண்டன் பேருந்துகளில் 2012இலும், சுரங்க ரயிலில் 2014இலும் வந்தது. அதை வையுங்கள், ஆனால் அதை மட்டுமே வைக்காதீர்கள். கடையில் ரொக்கம் கொடுத்து நிரப்பும் கார்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தக் கார்டின் விலை, குறைந்தபட்ச ரீசார்ஜ் தொகை, கடைக்காரர் பிடிக்கும் கமிஷன் மூன்றையும் உற்றுப் பாருங்கள். இரண்டு பயணத்துக்கான பணம்தான் கையில் இருக்கிறது, குறைந்தபட்ச ரீசார்ஜோ ஐந்து பயணத்துக்கானது என்றால் அவர் ரொக்கப் பெட்டிக்கே திரும்பிப் போவார். கடைசிப் பயணத்தில் இருப்பு சற்றுக் குறைந்தாலும் ஏற விட்டு, அடுத்த ரீசார்ஜில் பிடித்துக்கொள்ளும் விதியும் வேண்டும். கடை மூடிய பிறகு வீடு திரும்பும் இரவு வேலைக்காரருக்கு அது பெரிய உதவி.

சலுகைக்கு இணையாக முக்கியமானது கட்டண உச்சவரம்பு. ஒரு நாளிலோ மாதத்திலோ கட்டியது பாஸ் விலையைத் தொட்டதும் மீதிப் பயணங்கள் இலவசம். முன்பணம் இல்லாதவருக்கும் பாஸின் பலன் தானாகவே கிடைத்துவிடுகிறது. லண்டன் ஆய்ஸ்டரில் தினசரி உச்சவரம்பு 2005இல் வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மெட்ரோ 2023இல் ஒரு நாளுக்கு 5 டாலர், ஒரு வாரத்துக்கு 18 டாலர் என்று வரம்பு வைத்தது. வருமானச் சான்று எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் போய்ச் சேரும் சலுகை இது. ஒரு பொறி மட்டும் உண்டு: ஒருமுறை கார்டையும் ஒருமுறை போனையும் தட்டினால் பல முறைகளில் இரண்டும் இரண்டு கணக்காகப் பதிவாகி வரம்பைத் தொடாமலே போய்விடும். இதை ஏறும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

படி 4: செலவுத் தாள்

ஒருமுறைச் செலவும் ஆண்டுச் செலவும் தனித்தனித் தாளில் இருக்கட்டும். கருவி, பொருத்துவது, மென்பொருள், முதல் தொகுதிக் கார்டு, பயிற்சி எல்லாம் முதல் தாளில். மென்பொருள் சந்தா, டேட்டா இணைப்பு, பழுதான கருவியை மாற்றுவது, பரிவர்த்தனைக் கட்டணம், கடைகளின் கமிஷன், உதவி மையம், பதிவு செய்யும் பணியாளர், சலுகையால் குறையும் வருவாய் எல்லாம் இரண்டாவதில்.

பரிவர்த்தனைக் கட்டணத்தைப் பலர் சில்லறை என்று விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும் வசூலிக்கலாம் என்று 2011இல் உச்சவரம்பு வைத்தார்கள். 2 டாலர் டிக்கெட்டுக்கு அதுவே 10 சதவீதத்தைத் தாண்டுகிறது, பாதிக் கட்டணப் பயணி என்றால் 20 சதவீதத்துக்கும் மேல். சலுகையின் அளவு கூடக் கூட இந்தச் சுமையும் கூடும். ஒரு நாளின் எல்லாத் தட்டல்களையும் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக வங்கிக்கு அனுப்பினால் இது வெகுவாகக் குறையும். ஒப்பந்தத்தில் இந்தச் சேர்ப்பு வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

வருவாய் இழப்பைக் கணக்கிடும் விதம் இன்னும் முக்கியம். குறைந்த வருமானப் பயணங்கள் ஒரு நாளைக்கு 10,000, கட்டணம் 20 என்றால் இப்போதைய வருவாய் 2,00,000. பாதிக் கட்டணம் கொடுத்தால் 1,00,000 போய்விடும் என்று பயந்து உட்காரக் கூடாது, ஏனென்றால் கட்டணம் குறைந்தால் பயணம் கூடும். பாஸ்டனில் எம்ஐடி ஆய்வாளர் ஒருவர் நடத்திய சோதனையின் முடிவு 2019இல் வந்தது. பாதிக் கட்டணம் பெற்ற குறைந்த வருமானப் பயணிகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகப் பயணங்கள் போனார்கள். சிறிய, குறுகிய காலச் சோதனை என்பதால் அதே எண்ணை உங்கள் ஊருக்கு அப்படியே போடக் கூடாது. கணக்குப் போடும் முறைக்காக எடுத்துக்கொள்வோம்: 13,000 பயணம், தலைக்கு 10, வருவாய் 1,30,000. நிகர இழப்பு 70,000.

தகுதியுள்ள எல்லோரும் பதிவு செய்துவிடவும் மாட்டார்கள். முதலாண்டில் 40 சதவீதப் பயணங்கள் மட்டுமே சலுகைக்குள் வருகின்றன என்றால் இழப்பு 28,000. ஆகவே விண்ணப்பத்தில் குறைந்த பதிவு, நடுத்தரப் பதிவு, முழுப் பதிவு என்று மூன்று நிலைக் கணக்குகளை ஆண்டுவாரியாகக் காட்டுங்கள். பதிவு கூடினால் செலவு கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லாத திட்டம், அது வெற்றி பெறத் தொடங்கும் ஆண்டில்தான் பட்ஜெட்டில் மாட்டிக்கொள்ளும்.

படி 5: எந்தச் செலவுக்கு எந்த நிதி

முதல் தாளுக்கு மூலதன மானியங்கள் பொருந்தும். அமெரிக்காவில் கூட்டாட்சிப் போக்குவரத்து நிர்வாகத்தின் மூலதன மானியங்கள் வழக்கமாக 80 சதவீதம் வரை தரும். மீதி 20ஐ உள்ளூரில் திரட்ட வேண்டும். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஸ்மார்ட் மானியம், புதுத் தொழில்நுட்பச் சோதனைகளுக்கென 2022 முதல் 2026 வரை ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. வேறு நாடுகளில் பெயர்கள் மாறும், குணம் மாறாது: இப்படிப்பட்ட நிதிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அதை வைத்து ஆண்டுச் சலுகையைக் கொடுக்கத் தொடங்கினால், மானியம் முடிகிற நாளில் பயணியின் கட்டணம் இரட்டிப்பாகும்.

ஆண்டுச் செலவுக்கு நிலையான ஊற்று தேவை. நடப்பில் உள்ளவற்றைப் பாருங்கள். ஒரிகான் மாநிலம் ஊதியத்தில் 0.1 சதவீத வரியை 2018இல் கொண்டுவந்தது, அங்குள்ள போர்ட்லாந்து நகரின் குறைந்த வருமானக் கட்டணம் அதே மாதம் அந்தப் பணத்தில் தொடங்கியது. நியூயார்க்கில் 2019இல் வந்த ஃபேர் ஃபேர்ஸ் பாதிக் கட்டணத்துக்குப் போக்குவரத்து நிறுவனம் செலவு ஏற்கவில்லை. நகர அரசின் பட்ஜெட் ஏற்கிறது. கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் 2014 முதல், அரசின் சமூகநலப் பதிவேட்டில் உள்ளவர்களின் பெயர் பதிந்த கார்டில் நகரமே மானியத்தை ஏற்றியது. இவற்றில் எனக்கு நம்பிக்கை தருவது தனி வரி. பட்ஜெட் ஒதுக்கீடு ஒவ்வோர் ஆண்டும் மறுபடி வாதாடிப் பெற வேண்டியது. வரி கொண்டுவரும் வலிமை இல்லாத இடத்தில் நகர பட்ஜெட்டோடு மருத்துவமனை, கல்லூரி, பெரிய வேலைவாய்ப்பாளர்கள் மொத்தமாக வாங்கும் பாஸ் வருவாயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தொண்டு நிறுவனங்களின் நிதியைச் சலுகைக்குச் செலவிடாதீர்கள். அது சீக்கிரம் கரைந்துவிடும். பதிவு முகாம், மொழிபெயர்ப்பு, முதல் கார்டில் போட்டுத் தரும் தொகை, மதிப்பீடு ஆகியவற்றுக்குப் பயன்படுத்துங்கள். அரசு மானியம் எளிதில் தொடாத இடங்கள் இவை.

படி 6: தகுதியும் பதிவும்

சலுகை இருந்தும் பயணி வாங்காமல் போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். ஏற்கெனவே உணவு உதவியோ மருத்துவ உதவியோ பெறுகிறவரின் வருமானத்தை அரசு ஒருமுறை சரிபார்த்துவிட்டது. அந்தச் சான்றையே ஏற்றுக்கொள்ளுங்கள். சியாட்டிலில் குறைந்த வருமானப் பயணிகளுக்கான ஓர்கா லிஃப்ட் சலுகை 2015இல் தொடங்கியபோது பதிவு வேலையைப் பொதுச் சுகாதாரத் துறையிடமும் சமூகநல அமைப்புகளிடமும் கொடுத்தார்கள். மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்க வந்தவர் அதே மேசையில் பயணச் சலுகையையும் முடித்துக்கொள்ளலாம். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் சுபே என்ற பயணக் கார்டைச் சொந்த அடையாள எண்ணில் பதிந்த ஓய்வூதியர், நல உதவி பெறுபவர் போன்றோருக்கு 55 சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது. தகுதியை அரசின் சமூகப் பாதுகாப்புப் பதிவேடு சொல்லிவிடுகிறது.

நல்ல பதிவு மேசை எப்படி இருக்கும்? வந்தவர் உதவிக் கடிதத்தைக் காட்டுகிறார். பணியாளர் பார்க்கிறார், ‘பார்த்தேன்’ என்று குறிக்கிறார், நகல் எடுத்து வைப்பதில்லை. பெயரும் பிறந்த தேதியும் ஏறுகின்றன. அங்கேயே சலுகை ஏறிய கார்டு கைக்கு வருகிறது, வெளியே நிற்கும் பேருந்தில் அது வேலை செய்கிறது. கார்டு தபாலில் வரும் என்று அனுப்பினால் அடிக்கடி வீடு மாறுபவரும் நிலையான முகவரி இல்லாதவரும் கழன்றுவிடுவார்கள். சலுகைக் கார்டின் நிறமும் மற்றவர்களுடையது போலவே இருக்கட்டும். ஏழை என்று வண்டியில் எல்லோருக்கும் காட்டும் கார்டை யாரும் ஆசையாக எடுக்க மாட்டார்கள்.

புதுப்பிக்கும் காலம் ஓராண்டுக்குக் குறைய வேண்டாம், முடிந்தால் இரண்டாண்டு. பயண விவரங்களை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், காவல்துறையோ வேறு துறையோ கேட்டால் எந்த நடைமுறையில் கொடுப்பீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். அது தெளிவாக இல்லாவிட்டால் குடியேறியவர்கள் பலர் பெயர் கொடுக்கவே தயங்குவார்கள்.

படி 7: விண்ணப்பம் எழுதுதல்

இது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை, மேலே செய்ததெல்லாம்தான் இதன் உள்ளடக்கம். படி 1இன் எண்கள், கையெழுத்தான பங்கீட்டு ஒப்பந்தம், இரண்டு செலவுத் தாள்கள், மானியம் முடிந்த பிறகு யார் செலவை ஏற்பார் என்ற கடிதம். கடைசியாகச் சொன்ன அந்தக் கடிதம் பல விண்ணப்பங்களில் இருக்காது. இருந்தால் உங்களுடையது தனியாகத் தெரியும். கருவியின் பெருமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். எந்த வழித்தடத்தில் யாருடைய பயணச் செலவு எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறையும் என்று ஒரு பத்தி எழுதினால் போதும்.

படி 8: தொடக்கமும் ரொக்கத்தை நிறுத்துவதும்

மாறி ஏறுபவர்கள் அதிகமுள்ள இரண்டு மூன்று வழித்தடங்களில் முதலில் தொடங்குங்கள். நடத்துநர், ஓட்டுநர் பயிற்சிக்குப் போதிய நேரம் கொடுங்கள். கருவி வேலை செய்யாத நாளில் பயணியை ஏற்றுவதா இறக்குவதா என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ஏற்றுவதுதான் சரி.

ரொக்கம் வாங்குவதை லண்டன் பேருந்துகள் 2014 ஜூலையில் நிறுத்தின. ஆனால் அதற்கு முன் 11 ஆண்டுகள் ஆய்ஸ்டர் புழக்கத்தில் இருந்தது. உங்கள் முறை வந்து ஆறு மாதத்தில் அதைச் செய்ய நினைக்காதீர்கள். கூட்டாட்சி நிதி பெறும் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் கட்டணத்தையோ கட்டும் முறையையோ மாற்றுமுன், அந்த மாற்றம் சிறுபான்மையினரையும் குறைந்த வருமானக்காரர்களையும் கூடுதலாகப் பாதிக்கிறதா என்று ஆய்வு செய்தாக வேண்டும். உங்கள் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். ரொக்கம் அதிகம் வரும் நிறுத்தங்களிலிருந்து ரீசார்ஜ் கடை நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்று வரைபடத்தில் வைத்துப் பார்ப்பதே அதில் பாதி வேலை.

படி 9: எதை அளப்பது

எத்தனை கார்டு கொடுத்தோம் என்பது அலுவலகத்துக்கான எண். தகுதியுள்ளவர்களில் எத்தனை சதவீதம் பதிவு செய்தார்கள், பதிவு செய்தவர்களில் மூன்று மாதம் கழித்தும் எத்தனை பேர் தட்டுகிறார்கள், ரொக்கமாகக் கட்டும் குறைந்த வருமானப் பயணிகள் எந்த வழித்தடத்தில் இன்னும் மிச்சம், வரம்பைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்பவைதான் திட்டத்தைக் காட்டும். கார்டு வாங்கியும் ஒருமுறைகூடத் தட்டாதவர்கள் அதிகமிருந்தால் ரீசார்ஜ் வசதியில்தான் கோளாறு என்று முதலில் சந்தேகியுங்கள்.

படி 10: ஒப்பந்தம் முடியும் நாள்

கருவி விற்ற நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் ஒருநாள் முடியும், அல்லது அந்த நிறுவனமே மாறும். கார்டைத் திறக்கும் மறைகுறியீட்டுச் சாவிகள் யாருடையவை என்று அன்று தேட ஆரம்பித்தால், புதிய நிறுவனத்துக்காகப் பயணிகள் எல்லோருக்கும் புதுக் கார்டு கொடுக்க வேண்டிவரும். சலுகைப் பதிவுகளும் அதோடு போகலாம். சாவிகளும் பயணிகளின் இருப்பும் சலுகைத் தகுதியும் போக்குவரத்துக் கூட்டமைப்பின் சொத்து, கேட்டால் இன்னொரு மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்ற வரி டெண்டர் ஆவணத்திலேயே இருக்கட்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அந்த வரியைச் சேர்க்கக் கேட்டால், விற்பவர் அதற்கும் ஒரு விலை சொல்வார்.